நாலு விரல்கடை

வௌவால் எச்சத்துக்கு அடியில்
முதலில் அகப்பட்டது ஒரு முழங்கை.

காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட
மேய்ச்சல் காட்டு நடுவில் மண்டபம்.
சாரத்தில் மல்லாக்கப் படுத்து
பஞ்சு சுற்றிய குச்சியால் துடைக்கிறேன்.
ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அகலம்.
அவசரப்பட்டால் சுதை பொரிந்து கண்ணில் விழும்.

கூரை முழுக்க அம்மன் கல்யாணம்.
எட்டுத் தோழிமார்.
ஏழு பேர் ஒரே அச்சு:
ஒரே மூக்கு, காதுவரை ஓடும் ஒரே கண்,
கவராயம் வைத்து இழுத்த மார்பு.
வரைந்தவனுக்குக் கை தூங்கிக்கொண்டே வந்திருக்கும்.

எட்டாமவளிடம் வந்து விழித்துவிட்டான்.

பெரியவளுக்கு முகத்தைப்போல் இத்தனை மடங்கு உயரம்,
குழந்தைக்கு இத்தனை மடங்கு
என்று நூலில் கணக்கு இருக்கிறது.
இவளை நூல்பிடித்து அளந்தேன்.
இரண்டிலும் சேரவில்லை.
கை மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது,
தோள் இன்னும் வந்து சேரவில்லை.
மற்றவர்களுக்குச் சேலை தரையைத் தொடுகிறது.
இவளுக்குக் கணுக்காலுக்கு மேல்
நாலு விரல்கடை ஏறி நிற்கிறது.
போன தைக்குச் சரியாக இருந்திருக்கும்.

அபினாஷ்தான் டார்ச் பிடிப்பவன்.
சாரம் கட்டுகிறவர் மகன், பிளஸ் ஒன் லீவு.
'பக்கவாட்டில் அடி' என்றேன்.
சாய்ந்த வெளிச்சத்தில் கீறல்கள் எழுந்தன.
முதலில் கையில் விளக்குக் கொடுத்திருக்கிறான்,
சுரண்டியிருக்கிறான்.
பிறகு இடுப்பில் கை,
அதையும் சுரண்டியிருக்கிறான்.
கடைசியில் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே விட்டு
அந்தக் கை இந்த முழங்கையை,
இந்தக் கை அந்த முழங்கையை.

யாரைப் பார்த்தானோ.
கதை கட்டக் கூடாது, என் வேலை துடைப்பது.
ஆனாலும் மூன்று தரம் சுரண்டியவன்
ஒரு தரமாவது எழுந்து வெளியே போயிருப்பான்,
தண்ணி குடிக்க.

எட்டாம் வகுப்பில் எனக்கு அட்லஸ் பிடிக்கும்.
நாடுகளுக்காக அல்ல.
இருந்ததிலேயே அகலமான புத்தகம் அதுதான்.
வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டை
அதை அணைத்துக்கொண்டே கடந்திருக்கிறேன்,
புவியியல் இல்லாத நாளிலும்.

'ஏனுங்க்கா, இந்தப் புள்ள மட்டும்
பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காம…'
பாதிச் சொல்லில் அவன் குரல்
கிணற்றுக்குள் விழுந்து கிளியாக மேலே வந்தது.
வாயைப் பொத்திக்கொண்டான்.
டார்ச் வெளிச்சம் தூணுக்குத் தாவிற்று.
அவன் பேண்ட்டும் நாலு விரல்கடை குறைச்சல்தான்.
நான் பார்க்காத மாதிரி பஞ்சு சுற்றினேன்.

சாயங்காலம் தர்மகர்த்தா வந்தார்,
கழுத்து நோக அண்ணாந்தார்.
'மத்ததெல்லாம் லட்சணமா இருக்குதுங்.
இது மட்டும் எதுக்குங் இப்படி ஒடுங்கிக்கிட்டு நிக்குது?
ஒரு பூத்தட்டுக் குடுத்துப்போடலாமுங்களா?
கும்பாபிஷேகத்துக்கு நாலு பேர் வருவாங்க.'

விதியில் இடமில்லை என்றேன்.
விதியில் இடம் இருந்திருந்தாலும்,
கையை எடுக்கச் சொல்ல
நான் யார்?
அதை அவரிடம் சொல்லவில்லை.
டீ சொன்னார். ஆறிப்போய் வந்தது.

எல்லாரும் மேடையைப் பார்க்கிறார்கள்.
இவள் குனிந்து
தன் பாதத்தைப் பார்க்கிறாள்,
இது எப்போது இவ்வளவு நீளமாயிற்று என்பதுபோல.

நாளைக்கு அந்த இடம்.
இன்றைக்கே விரலால் தட்டிப் பார்த்துவிட்டேன்,
பொத்தலாகச் சத்தம் வருகிறது.
கணுக்காலுக்குக் கீழே சுதை எப்போதோ விட்டுவிட்டது,
கருங்கல் தெரிகிறது.
இத்தனை காலமாக
இல்லாத பாதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஓரத்தில் சுண்ணாம்பு வைத்து
மேற்கொண்டு உதிராமல் மட்டும் பூசுவேன்.

'மழை வருமாட்டம் இருக்குதுங்க்கா'
என்றான் அபினாஷ் கீழேயிருந்து,
மெதுவாக,
ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்து.